யாரும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறதில்ல: எங்க ஆடுபுலி கேம்ல ட்ராக்கிங் போட்ட கதை

எங்க ஆடுபுலி ஆட்டம் ஆப்புல யூசர் ட்ராக்கிங், அதாவது ஆடறவங்க ஆப்புக்குள்ள என்ன பண்றாங்கன்னு பதியுற வேலை, போட்டு எட்டு மாசம் ஆச்சு. அதுல முதல் அஞ்சு மாசம் நாங்க பார்த்த நம்பர்ல பாதி தப்பு. தப்புன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இல்ல, காலையும் ராத்திரியும் இடம் மாறிப்போன அளவுக்குத் தப்பு. எங்கெங்க சறுக்குனோம்னு எழுதி வெச்சா சின்ன டீமா கேம் பண்றவங்களுக்கு உபயோகப்படும்னு கூட்டாளி ரெண்டு வாரமா நச்சரிக்கிறான், சரின்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நான் மதுரைக்காரன். மொரீஷியஸ் வந்து ஆறு வருஷம், பகல்ல எபேன் சைபர்சிட்டில வேற ஆபீஸ் வேலை, கேம் ராத்திரி வேலை. கூட்டாளி இங்கயே பொறந்து வளர்ந்தவன், ரோஸ்ஹில். அவங்க வீட்ல தமிழ்னா கோவில், காவடி, கல்யாணச் சடங்கு, மத்த நேரம் பேச்சு முழுக்க இந்த ஊர் பாஷையான க்ரியோல். அவன் ஸ்கூல்ல தமிழ் படிச்சவன்ங்கறதால என்கிட்ட தமிழ்ல பேசிப் பழகுவான், நான் அவன்கிட்ட க்ரியோல்ல பேசிப் பழகுவேன், சண்டை வந்தா மட்டும் ரெண்டு பேரும் இங்கிலீஷ். மூணாவது ஆளு படம் வரையுற தம்பி. அவ்வளவுதான் கம்பெனி.

ஆட்டத்தோட ரூல் தெரிஞ்சாத்தான் இந்தக் கதை புரியும், அதனால அதை முதல்ல சொல்லிடறேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. நம்ம ஊர்க் கோவில் மண்டபத்துக் கல்லுல முக்கோணமா கோடு கிழிச்சிருக்கும் பாருங்க, அதேதான். புலி முதல்ல உட்கார்ந்துக்கும், ஆட்டுக்காரன் ஒவ்வொரு ஆடா இறக்கணும், ஒரு ஆடு இறக்கினா புலி ஒரு தடவை நகரும். புலி ஒரு ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலி புள்ளில குதிச்சா ஆடு காலி. புலிக்கு அசையவே வழியில்லாம கட்டிப்போட்டா ஆட்டுக்காரன் ஜெயிச்சான். இதுல முக்கியமான ஒண்ணு: 15 ஆடும் இறங்குற வரைக்கும் கட்டத்துல இருக்கிற எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசில இதுதான் வில்லன்.

க்ரியோல்ல ஆட்டுக்கு கப்ரி, புலிக்கு திக். ஆப்புல தமிழ், க்ரியோல், ப்ரெஞ்சு, இங்கிலீஷ் நாலும் வெச்சோம்.

எதுக்கு ட்ராக்கிங்னா, ப்ளே ஸ்டோர் கன்சோல்ல எத்தனை பேர் இன்ஸ்டால் பண்ணாங்க, எத்தனை பேர் தூக்குனாங்கன்னு தெரியும், நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியாது. இன்ஸ்டால் பண்ணவங்கள்ல நிறைய பேர் மறுநாள் இல்ல. ஆட்டம் புரியலையா, கம்ப்யூட்டர் புலி ரொம்ப கஷ்டமா இருக்கா, போன் சூடாகுதா, ஒண்ணும் தெரியாம மூணு பேரும் மூணு விதமா அடிச்சுக்கிட்டிருந்தோம். "அண்ணே, அளந்து பார்த்துடலாம்"னு கூட்டாளி சொன்னான்.

கேம் பண்ண நாங்க வெச்சிருக்கிற எஞ்சின் யூனிட்டி, அதனால கூகுளோட ட்ராக்கிங் கருவி ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் எடுத்தோம். காசு கட்ட வேண்டாம், கேம்ல சேர்த்துக்க வேண்டிய ப்ரோக்ராம் தொகுப்பு (எஸ்.டி.கே.) ரெடியா இருக்கு. ஆப்புல நடக்கிற ஒவ்வொண்ணையும் ஒரு ஈவென்ட்டா பதியலாம், அதோட கூட அனுப்புற விவரம் பாராமீட்டர். ஒரு ஆப்புல 500 வகை ஈவென்ட் பேர் வரைக்கும் வெச்சுக்கலாம், ஒரு ஈவென்ட்டுக்கு 25 பாராமீட்டர். இலை பெருசா இருக்கேன்னு கண்டதையும் பரிமாறுன மாதிரி, முதல் வெர்ஷன்ல எல்லாப் பட்டனுக்கும் ஒரு ஈவென்ட் போட்டோம். செட்டிங்ஸ் திறந்தா ஒண்ணு, மூடினா ஒண்ணு, ம்யூசிக் ஆன், ம்யூசிக் ஆஃப், புலி நகர்ந்தா, ஆடு இறங்கினா. பேர் வேற ஆளுக்கு ஒரு மாதிரி. நான் சின்ன எழுத்துல 'கேம் ஸ்டார்ட்'னு வெச்சேன், தம்பி முதல் எழுத்தைப் பெருசாக்கி வெச்சான். அது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும்னு தெரியாது, ஒரே விஷயம் ரெண்டு வரியா வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு டாஷ்போர்டைத் திறந்தா சந்தைக்கடை மாதிரி இருக்கு, எல்லாரும் கத்துறாங்க, ஒருத்தர் சொல்றதும் காதுல விழல.

அந்தக் கூச்சல்லயும் ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. ட்யூட்டோரியல் ஆரம்பிச்சவங்களை விட முதல் ஆடு இறக்குனவங்க அதிகமா இருந்தாங்க. ட்யூட்டோரியல் வழியா வராம முதல் ஆட்டைத் தொடவே முடியாது, அப்புறம் எப்படி? ஆப் திறந்ததும் ஃபயர்பேஸ் தனக்கு வேண்டியது எல்லாம் போன்ல இருக்கான்னு சரிபார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கும், அது முடியறதுக்கு முன்னாடியே நாங்க ட்யூட்டோரியல் ஈவென்ட்டை அனுப்பிட்டோம், பழைய மெதுவான போன்ல அது அப்படியே காத்துல போச்சு. ஈவென்ட்டுகளை வரிசையா காத்திருக்க வெக்கிற ஒரு சின்ன க்யூ போட்டு, ரெடின்னு தகவல் வந்தப்புறம் உள்ள இருக்கறதை அனுப்புன்னு மாத்துனதும் சரியாச்சு. அரை மணி நேர வேலை, கண்டுபிடிக்க ஒன்பது நாள்.

இப்ப மெயின் கதை. எங்க கேள்வி ஆளுங்க எங்க விட்டுட்டுப் போறாங்கன்னுதானே, அதனால ரொம்ப புத்திசாலித்தனமா 'கேம் க்விட்'னு ஒரு ஈவென்ட் போட்டு, அதுல எத்தனாவது ஆட்டுல இருந்தான், எத்தனை ஆடு போச்சு, எவ்வளவு நேரம் ஆடுனான்னு எல்லாப் பாராமீட்டரையும் கட்டி வெச்சோம். இது ஒண்ணு வந்தாப் போதும், எல்லாம் தெரிஞ்சுடும்னு நெனப்பு. வந்தது ரொம்பக் கொஞ்சம். வந்ததும் எல்லாம் நல்லா ஆடத் தெரிஞ்சவங்க, மெனுவுக்குப் போய் ஒழுங்கா 'வெளியேறு' பட்டன் அழுத்தறவங்க.

ஏன் வரலைன்னு எனக்கு டாக்குமென்டேஷன் படிச்சுப் புரியல, ரோஸ்ஹில்ல கூட்டாளி வீட்டுக் கிச்சன்லதான் புரிஞ்சது. அவனோட தாந்தின், அதாவது அவன் அத்தை, ஃபராத்தா போட்டுக்கிட்டே ஆடிட்டிருந்தாங்க. ஒரு கையில கரண்டி, இன்னொரு கை மாவு, போன் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சிருக்கு. சுண்டு விரலால ஆட்டைத் தொடுறாங்க, ஏன்னா அந்த ஒரு விரல்லதான் மாவு இல்ல. ஒரே ஆட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டாங்க. நான் எண்ணுனேன், ஏழு தடவை. அப்புறம் தவாவுல புகை வரவும் திரும்பி ஃபராத்தாவைப் புரட்டினாங்க, அடுத்ததைத் தேய்ச்சாங்க, எங்களுக்கு ரூகாய், அதாவது தக்காளிக் குழம்பு, எடுத்து வெச்சாங்க, பேச்சு எங்கேயோ போச்சு. போன் தானா இருட்டாச்சு. அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சது. எங்க 'கேம் க்விட்' எங்க போச்சு? அவங்க எதையும் மூடவே இல்லையே.

ஆண்ட்ராய்டுல அப்படித்தான். ஸ்க்ரீன் அணைஞ்சாலோ வேற ஆப்புக்குப் போனாலோ கேம் பின்னாடி போய் உறங்கும், அப்புறம் மெமரி வேணும்னு சிஸ்டம் அதைச் சத்தமில்லாம முடிச்சுடும், இல்ல ஆளே மேல தள்ளி விட்டுடுவாங்க. யூனிட்டில 'ஆன் அப்ளிகேஷன் க்விட்'னு இருக்கே அதை நம்பி எழுதுனா, பாதி நேரம் அது கூப்பிடப்படவே கூப்பிடப்படாது. நம்பகமா வர்றது 'ஆன் அப்ளிகேஷன் பாஸ்' ஒண்ணுதான், அதுவும் பின்னாடி போனான்னு சொல்லும், திரும்பி வருவானா மாட்டானான்னு சொல்லாது. ஆப்பைத் தூக்கினா 'ஆப் ரிமூவ்'னு ஃபயர்பேஸே ஒரு ஈவென்ட் தருது, ஆனா ஆண்ட்ராய்டுல மட்டும், ஐபோன்ல அதுவும் கிடையாது.

நம்ம வீடுகள்ல கிளம்பும்போது 'போறேன்'னு சொல்ல விட மாட்டாங்க, 'போயிட்டு வரேன்'னு சொல்லணும். ஆப்புல அந்த 'போயிட்டு வரேன்' கிடையவே கிடையாது. அதனால போறதைப் பதியுற வேலையை விட்டுட்டோம், வர்றதை மட்டும் பதிஞ்சோம். 'க்விட்' ஈவென்ட்டைத் தூக்கிட்டு 'கட்டம்'னு ஒரே ஒரு ஈவென்ட், அதுல 'படி'ன்னு ஒரு பாராமீட்டர்: ட்யூட்டோரியல் ஆரம்பம், முடிவு, 1வது ஆடு, 5வது ஆடு, 10வது ஆடு, 15வது ஆடு, முதல் ஆடு நகர்வு, ஆட்ட முடிவு. ஒருத்தன் கடைசியா எந்தப் படியைத் தொட்டான்னு பார்த்தா, அதுக்கு அடுத்த படிக்குள்ளதான் காணாமப் போயிருக்கான். மாடு எங்க தொலைஞ்சதுன்னு கேட்டா மாடு வந்து சொல்லாது, கடைசிக் குளம்படி எங்க இருக்குன்னுதான் பார்க்கணும்.

இதுலயும் ஒரு சொதப்பல். பாராமீட்டர் அனுப்பினா மட்டும் ரிப்போர்ட்ல தெரியாது, அதை ரிப்போர்ட்ல காட்ட வேண்டிய விவரம்னு ('கஸ்டம் டைமென்ஷன்') தனியா பதிவு பண்ணணும், பதிவு பண்ண நாள்ல இருந்துதான் காட்டும், முன்னாடி வந்ததுக்குக் காட்டாது. எங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. வர்ற டேட்டாவை கூகுளோட டேட்டாபேஸுக்கு அனுப்பி வெக்கிற பிக்க்வெரி எக்ஸ்போர்ட் ஆன் பண்ணி வெச்சிருந்ததால பொழைச்சோம், அங்க எல்லாம் அப்படியே கிடந்தது. ஆனா அது காசு கட்டாத சாண்ட்பாக்ஸ், 60 நாளானா டேபிள் தானா அழியும். அதையும் ஒரு மாசத்து டேட்டா போனப்புறம்தான் கத்துக்கிட்டோம்.

அப்புறம் அமெரிக்கா விஷயம். ஒவ்வொரு தடவை புது வெர்ஷன் ப்ளே ஸ்டோர்ல ஏத்தும்போதும் சில மணி நேரத்துல அமெரிக்காவுல இருந்து 'ஃபர்ஸ்ட் ஓப்பன்', அதாவது ஆப்பை முதல் தடவை திறந்தாங்கங்கற ஈவென்ட், வரிசையா வரும். கூட்டாளிக்கு ஒரே சந்தோஷம், "அண்ணே, அங்க இருக்கிற தமிழாளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க". தம்பி அவங்களுக்காக ஒரு தேங்க்ஸ்கிவிங் தீம் கூட வரைய ஆரம்பிச்சான். எல்லாரும் ட்யூட்டோரியல்லயே நின்னுட்டாங்க, யாரும் ஒரு ஆடு கூட இறக்கல. பார்த்தா அது மனுசங்களே இல்ல, ஆப் ஏத்துனதும் கூகுள் ப்ரீலாஞ்ச் ரிப்போர்ட்டுக்காக தன்னோட டெஸ்ட் லேப் போன்கள்ல அதைத் திறந்து இங்கயும் அங்கயும் தட்டிப் பார்க்கும். அந்த போன்கள்ல 'ஃபயர்பேஸ் டாட் டெஸ்ட் டாட் லேப்'னு ஒரு சிஸ்டம் செட்டிங் இருக்கும், அது 'ட்ரூ'ன்னு இருந்தா ட்ராக்கிங்கை ஆஃப் பண்ணிடுன்னு நாலு வரி எழுதினோம், அமெரிக்கா காலி. தேங்க்ஸ்கிவிங் வான்கோழி இன்னும் தம்பியோட ஃபோல்டர்ல இருக்கு.

எங்க மூணு பேர் போனும் இதே மாதிரிதான். சோதனைக்கான டீபக் மோட்ல இருக்கிற போன்ல இருந்து வர்றது மொத்தக் கணக்குல சேராது, ஆனா ஸ்டோர்ல இருந்து சாதாரணமா இன்ஸ்டால் பண்ணி வெச்சிருந்த எங்க சொந்த போன்கள் சேரும். தினம் தினம் விடாம ஆடுற விசுவாசமான ஆட்டக்காரங்கன்னு ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்த்து நாங்க நெஞ்சு நிமிர்த்திக்கிட்டிருந்தோம், அந்தக் கூட்டத்துல கணிசமானது நாங்களேதான்.

இனி அந்தக் காலை ராத்திரி கதை. இதைத்தான் நான் மறக்கவே மாட்டேன். ப்ராஜெக்ட் போடும்போது டைம்ஸோன் கேட்ட இடத்துல நான் பார்க்காம அடுத்து அடுத்துன்னு தட்டிட்டேன், அது லாஸ் ஏஞ்சல்ஸ்ல நின்னுச்சு. இது நான் பண்ணது, வேற யாரையும் சொல்றதுக்கில்ல. மொரீஷியஸ் கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் முன்னாடி, லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்துல 8 மணி நேரம் பின்னாடி, ஆக வித்தியாசம் சரியா 12 மணி. இந்த 12தான் எங்களைக் கவுத்துடுச்சு. ரிப்போர்ட் டைம்ஸோன் எங்களை விட 6 மணி நேரம் முன்னாடி இருந்திருந்தா ஆளுங்க விடியக்காலை 3 மணிக்கு ஆடுறாங்கன்னு வந்திருக்கும், உடனே சந்தேகம் வந்திருக்கும். 12ங்கறதால ராத்திரி 9 மணி காலை 9 மணியா வந்துச்சு, பார்க்கறதுக்கு ரொம்ப நியாயமாவே இருந்துச்சு.

காலை 9 மணிக்கு யார் ஆடுவாங்க? வேலைக்குப் போற வழில மெட்ரோல ஆடுறாங்க! போர்ட் லூயிஸ்ல இருந்து ரோஸ்ஹில், காத்ர்போர்ன் வழியா க்யூர்பீப் வரைக்கும் மெட்ரோ ஓடுது, எபேனுக்கு ஒரு கிளை, நானே தினம் அதுலதான் போறேன், பக்கத்துல எல்லாரும் போனைத்தான் பார்த்துட்டிருப்பாங்க. கண்ணால பார்த்ததும் நம்பரும் ஒத்துப்போச்சுன்னு குதிச்சோம். மெட்ரோ பயணத்துக்கு ஏத்த மாதிரி சின்ன ஆட்டம், 9 ஆடு 1 புலின்னு புதுசா ஒரு போர்டு பண்ணோம். சத்தம் இல்லாம ஆட வசதி, ஒரு கைல பிடிச்சுக்கிட்டு கட்டை விரலால ஆட வசதி. ஆறு வாரம் போச்சு. காவடி வந்துச்சு, இங்க அது அரசு விடுமுறை, கோர் த கார்ட் மலையடிவாரத்துக் கோவிலுக்குக் கூட்டம் அலைமோதும். அன்னைக்கு எல்லாரும் சாயங்காலம் களைச்சுப் போய் வீட்ல உட்கார்ந்து ஆடுவாங்கன்னு எதிர்பார்த்தோம், ரிப்போர்ட்ல காவடி அன்னிக்கு அதே காலை 9 மணிதான் உச்சம். காலைல 9 மணிக்குக் காவடி தூக்கிட்டு ஆடுபுலியா? அப்பவாவது மண்டைல உறைச்சிருக்கணும். "கோவிலுக்குப் போற வழில ஆடியிருப்பாங்க அண்ணே"ன்னு கூட்டாளி சொன்னான், நானும் சரின்னு தலையாட்டினேன். நம்ப ஆசைப்பட்டா எதையும் நம்பலாம் போல.

மாட்டுனது மார்ச் மாசம். அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளுவாங்க, மொரீஷியஸ்ல அந்தப் பழக்கம் இல்ல, 2008ல பண்ணிப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. ஆக வித்தியாசம் 12ல இருந்து 11 ஆச்சு. அடுத்த திங்கக்கிழமை பார்க்கறேன், 9 மணி உச்சம் 10 மணிக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கு, எல்லா நாளும், எல்லா ஆட்டக்காரங்களும், ஒரே ராத்திரில. ஊர்ல எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம் லேட்டா வேலைக்குப் போக முடிவு பண்ணாத்தான் உண்டு. செட்டிங்ஸைத் திறந்தேன், லாஸ் ஏஞ்சல்ஸ்னு சிரிச்சுக்கிட்டு இருக்கு. பிக்க்வெரில நேரம் கிரீன்விச் கணக்குல மைக்ரோசெகண்டா இருக்கும், அதுல 4 மணி கூட்டிப் பார்த்தா சுத்தமா ராத்திரி 9. சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, டீவி ஓடிட்டிருக்கிற நேரம். மெட்ரோல ஒரு நாய் கூட ஆடல.

டைம்ஸோனை மாத்துனா அன்னைல இருந்துதான் மாறும், பழைய ரிப்போர்ட் பழைய கணக்குலயே இருக்கும். அந்த 9 ஆடு போர்டு இன்னும் ஆப்புல இருக்கு, ஏன் வெச்சோம்னு கேட்காதீங்க, தம்பி அழகா வரைஞ்சுட்டான்.

இடையில ஒரு அசிங்கமும் நடந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ஒரே போன்ல ரெண்டு பேர் ஆடுற மோடுல ஆட்டக்காரர் பேர் டைப் பண்ண இடம் இருக்கும். முதல் வெர்ஷன்ல கண்டதையும் அனுப்புனோம்ல, அதுல அந்தப் பேரும் பாராமீட்டரா போய்ட்டிருந்தது. ஒரு நாள் டீபக் வ்யூல கண்ணு முன்னாடி ஈவென்ட் ஒவ்வொண்ணா ஓடிட்டிருக்கு, திடீர்னு கூட்டாளியோட சின்னப் பொண்ணு பேரு, அதுக்குக் கீழ அவ ஃப்ரெண்டு பேரு. ரெண்டும் பச்சைப் புள்ளைங்க. பேர், ஈமெயில் மாதிரி ஆளை அடையாளம் காட்டுற எதையும் அனுப்பக் கூடாதுன்னு கூகுளோட ரூலே இருக்கு, அது இல்லன்னாலும் இது தப்புதானே. அன்னைக்கு ராத்திரியே பேரை எடுத்துட்டு அப்டேட் விட்டோம், அந்தப் பாராமீட்டரை அழிக்கச் சொல்லி டேட்டா டிலீஷன் ரிக்வெஸ்ட் போட்டோம். சாண்ட்பாக்ஸ்ல தனி வரியைத் திருத்துற க்வெரி ஓடாது, அதனால பிக்க்வெரி டேபிள்களையே மொத்தமா தூக்குனோம். ஆனா பழைய வெர்ஷன் வெச்சிருக்கிற போன்கள் அப்டேட் பண்ற வரைக்கும் அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், அதனால மூணு மாசம் வரைக்கும் வாரா வாரம் உட்கார்ந்து அழிச்சோம்.

அதுக்கப்புறம்தான் சட்டத்தை ஒழுங்கா படிச்சோம், முதல்லயே படிச்சிருக்கணும். மொரீஷியஸ்ல 2017ம் வருஷத்து டேட்டா ப்ரொடெக்ஷன் ஆக்ட், 2018 ஜனவரில நடைமுறைக்கு வந்தது, 16 வயசுக்குக் கீழ்ன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும், டேட்டா வெச்சுக்கிறவங்க டேட்டா ப்ரொடெக்ஷன் ஆபீஸ்ல பதிவும் பண்ணணும். பக்கத்துத் தீவு ரீயூனியன்லயும் எங்க ஆப்பை இறக்குறாங்க, அது கடல் நடுவுல இருந்தாலும் ப்ரான்ஸ், அதனால ஐரோப்பாவோட தகவல் பாதுகாப்புச் சட்டம் ஜி.டி.பி.ஆர். முழுசா பொருந்தும், ப்ரான்ஸ் வெச்சிருக்கிற வயசு 15. டர்பன் பக்கமும் கொஞ்சம் பேர், தென்னாப்பிரிக்காவோட போப்பியா சட்டத்துல 18க்குக் கீழ எல்லாரும் குழந்தை. மூணு நாடு, மூணு வயசு. நாங்க மூணு பேரு, வக்கீல் வெக்கக் காசில்ல. ரொம்ப யோசிக்காம இப்படி முடிவு பண்ணோம்: ஆப் திறக்கும்போது ட்ராக்கிங் ஆஃப்லதான் இருக்கும். பொறந்த வருஷம் கேட்போம், அதை போனை விட்டு வெளிய அனுப்ப மாட்டோம். 18க்குக் கீழ்ன்னா எந்த நாடா இருந்தாலும் ஆன் ஆகாது. மேலன்னா நேரடியா கேட்போம், 'சரி'யும் 'வேணாம்'மும் ஒரே சைஸ் பட்டன். விளம்பரம் இல்லாத ஆப்புக்கு, விளம்பரக்காரங்களுக்காக போனை அடையாளம் காட்டுற அட்வர்டைசிங் ஐ.டி. எதுக்குன்னு அந்த பெர்மிஷனையும் ஆப்போட மேனிஃபெஸ்ட் ஃபைல்ல இருந்து எடுத்தாச்சு.

இதுக்கப்புறம் நம்பர் சடார்னு கொறைஞ்சது, ரீயூனியன் கிட்டத்தட்ட காலி. தம்பி பதறிட்டான். ப்ளே கன்சோல்ல பார்த்தா இன்ஸ்டால் அப்படியேதான் இருக்கு, அவங்க 'வேணாம்'னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். போகும்போது சொல்லாமப் போறவங்களைப் பத்திப் புலம்பிட்டிருந்தோம், இப்ப வந்ததையே சொல்ல மாட்டேன்ங்கறவங்களும் உண்டு, அது அவங்க இஷ்டம். 'சரி' சொன்னவங்க எல்லாரையும் மாதிரி இருப்பாங்கன்னு மட்டும் நினைச்சுடக் கூடாது.

இப்படி எல்லாத்தையும் துடைச்சு எடுத்தப்புறம் மிச்சம் இருந்த டேட்டா கொஞ்சம்தான், ஆனா அது பளிச்சுன்னு பேசுச்சு. ட்யூட்டோரியல் முடிக்கிறாங்க, 1வது ஆடு இறக்குறாங்க, 5வது ஆடும் வந்துடறாங்க, 10வது ஆடு வர்றதுக்குள்ள பெரிய ஓட்டை. 15 வரைக்கும் வந்துட்டவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஆட்டத்தை முடிச்சுட்டுத்தான் போறாங்க. ஆக கம்ப்யூட்டர் புலி கஷ்டமா இருக்குன்னு நான் அடிச்சுக்கிட்டது தப்பு. 5க்கும் 10க்கும் நடுவுல என்னமோ நடக்குது.

அப்பத்தான் தாந்தினோட சுண்டு விரல் ஞாபகம் வந்துச்சு. ஏழு தடவை ஒரே ஆட்டைத் தொட்டாங்களே, எதுக்கு? கூட்டாளியை விட்டுக் கேட்டோம். "புலி கிட்ட வந்துடுச்சு, என் கப்ரியைத் தள்ளி வெக்கலாம்னு பார்த்தேன், உங்க கேம் கெட்டுப்போச்சு, வேலை செய்யல." முடிஞ்சது. 15 இறங்குற வரைக்கும் நகர்த்தக் கூடாதுங்கற ரூல் ட்யூட்டோரியல்ல ஒரு வரியா இருக்கு, யாரு ஞாபகம் வெச்சுக்குவா? முதல் ஆடு பலியாகறது பொதுவா அஞ்சாறு ஆடு இறங்கினப்புறம்தான், அப்பத்தான் புதுசா ஆடறவனுக்கு அடுத்த ஆட்டைக் காப்பாத்தணும்னு தோணும், தொடுவான். ஆப் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. சத்தம் கூட வராது. மண்டபத்துல ஆடும்போது பக்கத்துல ஒரு பெருசு உட்கார்ந்திருக்கும், "டேய், ஆடு எல்லாம் இறங்கட்டும்டா, அவசரப்படாதே"ன்னு தலையில தட்டும். நாங்க கோடு போட்டோம், புலி போட்டோம், ஆடு போட்டோம், அந்தப் பெருசை விட்டுட்டோம்.

ஊகத்தை அப்படியே நம்பி மெட்ரோ மாதிரி ஏமாறக் கூடாதுன்னு முதல்ல அளந்தோம். பதில் வராத தட்டலுக்கு 'செத்த தட்டு'ன்னு பேர் வெச்சு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஈவென்ட் அனுப்பாம போனுக்குள்ளேயே எண்ணிக்கிட்டு, ஆப் பின்னாடி போற நேரத்துல, அந்த 'பாஸ்' வருதுல்ல, அப்ப மட்டும் எண்ணிக்கையை ஒரு தடவை எழுதினோம். 10வது ஆட்டுக்கு முன்னாடி காணாமப் போனவங்ககிட்ட செத்த தட்டு குவிஞ்சு கிடந்தது, தாண்டி வந்தவங்ககிட்ட அவ்வளவா இல்ல.

திருத்தம் ரொம்பச் சின்னது. நகர்த்தக் கூடாத நேரத்துல ஆட்டைத் தொட்டா ஆடு இல்லைன்னு தலையை ஆட்டும், ஒரு குரல் "இன்னும் ஒன்பது ஆடு பாக்கி"ன்னு சொல்லும், இறக்காத ஆடுங்க ஓரமா நின்னு மினுக்கும். குரல் தமிழ்ல, எழுத்து அவங்க தேர்ந்தெடுத்த பாஷைல. இதுக்கும் ஒரு காரணம் இருக்கு. தமிழ்னு தேர்ந்தெடுத்துட்டு அதே செஷன்லயே க்ரியோலுக்கு மாத்துறவங்க நிறைய. இந்த ஊர் ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு, 1998ல தமிழ் எழுத்தோட இடத்தை இந்திக்குக் கீழ மாத்தி நோட்டு வந்தப்ப ஊரே கொதிச்சு அந்த நோட்டையே திரும்ப வாங்குனாங்க. அவ்வளவு பிரியம் எழுத்து மேல. ஆனா பாட்டி தாந்தின் நிறைய பேருக்குக் காதுல கேட்டா புரியும், படிக்க வராது. ஆசையா தமிழ் பட்டனைத் தொடுவாங்க, முதல் பாராவைப் பார்த்ததும் சத்தமில்லாம மாத்திடுவாங்க.

மாத்துனது வேலை செஞ்சுதான்னு பார்க்கறதுலயும் ஒரு பொறி இருக்கு. போன வாரம் இந்த வாரம்னு ஒப்பிட்டா லீவு நாள், ஸ்கூல் திறப்புன்னு எல்லாம் கலந்துடும். பழைய வெர்ஷன், புது வெர்ஷன்னு ஒப்பிட்டா, அப்டேட் பண்றவங்க ஏற்கெனவே கேமைப் பிடிச்சவங்க, அவங்க நல்லாத்தான் ஆடுவாங்க. அதனால ப்ளே ஸ்டோர்ல ஸ்டேஜ்டு ரோல்அவுட் போட்டு பாதிப் பேருக்கு மட்டும் புது வெர்ஷன் விட்டோம். அது புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்கும் பொருந்தும், யாருக்கு எது கிடைக்கும்னு நம்ம கைல இல்ல. பத்து நாள் புதுசா வந்தவங்களை மட்டும் எடுத்து, ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். புது வெர்ஷன்ல 5க்கும் 10க்கும் நடுவுல இருந்த ஓட்டை பெருசா அடைஞ்சிருந்தது. செத்த தட்டு ஒண்ணு ரெண்டோட நின்னு அடுத்த ஆட்டை இறக்கிட்டுப் போறாங்க. "கொரெக், அண்ணே"ன்னு கூட்டாளி சொன்னான், க்ரியோல்ல 'சரியா இருக்கு'ன்னு அர்த்தம், அவன் வாயில இருந்து அது வர்றது அபூர்வம்.

இப்ப எங்ககிட்ட இருக்கிற ஈவென்ட் மொத்தம் ஆறு. டைம்ஸோன் மொரீஷியஸ். அடுத்து புலியா ஆடறவங்க பக்கம் பார்க்கணும், ஆட்டுக்காரங்களை விட அவங்க ஏன் நாள் கணக்குல தங்குறாங்கன்னு இன்னும் பிடிபடல. தாந்தினும் இப்ப புலியாத்தான் ஆடறாங்க, தினம் ராத்திரி, போன வாரம் என்னையே மூணு தடவை ஜெயிச்சாங்க. ஆனா அவங்க டாஷ்போர்டுல வர மாட்டாங்க. அவங்க போன்ல 'வேணாம்'னு அழுத்தியிருக்காங்க.